ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பேசச் சொன்னவன்

ஷம்சுதீன் போய்விட்டான் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் யார்டு மேனேஜர் விநாயகம். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி போனை எடுத்து, மேனேஜர் பேசுகிறார், குரலே சரியில்லை என்று நீட்டினாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. "ஏழுமலை, நம்ம ஷம்சு போயிட்டான்யா" என்றார். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவன் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தானாம். உட்கார்ந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டானாம். தண்டையார்பேட்டையில் அவன் வீட்டுச் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுச் சட்டையைத் தேடினேன்.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது "ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டேனே" என்று வருந்துவதுதான் வழக்கம். எனக்கு அந்தக் குறை இல்லை. அழுகை வந்தது, ஆனால் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. அவன் நோயில் விழுந்து பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கவில்லை. யாரோடும் பேச்சுவார்த்தை அற்றுப்போன நிலையில் சாகவில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதை நானும் சொல்லியாயிற்று. நிம்மதி என்று எழுதியதற்காக யாராவது என்மேல் வருத்தப்பட்டால் படட்டும். ஷம்சு பட்டிருக்கமாட்டான்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவனோடு வேலை செய்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் எங்கள் கன்டெய்னர் யார்டு. கன்டெய்னர்களைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஸ்டேக்கர் என்ற பெரிய வண்டியை நான் ஓட்டுகிறேன். கீழே நின்று கைச்சைகை காட்டுவது ஷம்சுவின் வேலை. பெட்டியைத் தூக்கிவிட்டால் எனக்கு முன்னால் எதுவும் சரியாகத் தெரியாது. அவன் கை உயர்ந்தால் தூக்குவேன், தாழ்ந்தால் இறக்குவேன், மூடினால் நிறுத்துவேன். நாங்கள் இருவரும் ஒருநாள் முகம் திருப்பிக்கொண்டு வேலை பார்த்தால் கீழே போகிற யாரோ ஒருவன் உயிர் போகும். ஒரே வயது, ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் "அவர்" என்று மரியாதையாக எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

அவன் தங்கமான மனிதன் என்று இரங்கல் கூட்டத்தில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கேரம் ஆட உட்கார்ந்தால் போங்கு ஆடுவான். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் எர்ணாவூர் வரைக்கும் முணுமுணுப்பான். கோபமோ, மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். சேர்ந்த புதிதில் சைகையை மதிக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்த ஒரு டிரெய்லர் டிரைவர்மேல் கையிலிருந்த வாக்கி-டாக்கியை விட்டெறிந்தான். டிரைவர் குனிந்ததால் பிழைத்தார். தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஷம்சுவே அன்றைக்கு நாள் முழுக்கப் புலம்பினான்.

அதற்குப் பிறகுதான் குழாயடிக்குப் போகும் பழக்கம் வந்தது. கேன்டீனுக்குப் பின்னால் ஒரு குழாய் உண்டு. தொழுகை நேரமாக இல்லாவிட்டாலும் அங்கே போய்க் கையையும் முகத்தையும் காலையும் கழுவிக்கொண்டு வருவான். குறிப்பாக மேனேஜர் கூப்பிட்டால் கழுவாமல் போகமாட்டான். கோபம் வந்தால் உளூ செய், தொழுகைக்கு முன் கழுவுவதுபோலக் கழுவு என்று அவன் அத்தா, அதாவது அப்பா, சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தாராம். இன்னா பாய், ஆபீசருக்கும் தொழுகையா என்று பையன்கள் ஓட்டுவார்கள். ஒருநாள் நான் நிஜமாகவே கேட்டேன், அப்படிக் கழுவி என்ன கிடைக்கிறது என்று. "மூஞ்சி கழுவ சொல்லோ கண்ண மூடிக்கிறோம்ல மாமு, அப்போ உள்ள இன்னா கீதுன்னு ஒரு தபா பாத்துக்குவேன். அவ்ளோதான்" என்றான். எப்போதும் பலித்தது என்று சொல்லமாட்டேன். ஒருமுறை முகம் கழுவிவிட்டு வந்த ஈரத்தோடேயே ஒரு லாரிக்காரரைக் கிழிகிழியென்று கிழித்தான். முடித்ததும் என்னைப் பார்த்து, தண்ணி பத்தல என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழாயடிக்கே போனான்.

அவன் கிளப்பிவிட்ட இன்னொரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் நம் யார்டில் நடக்கிறது. யாருக்காவது யாரோடாவது மனத்தாங்கல் என்றால் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு வந்துதான் பேச வேண்டும். கேட்டைத் தாண்டும்போது செக்யூரிட்டி மேஜையில் ஹெல்மெட்டை வைத்துவிட வேண்டும். ஆபீசருக்கு வெள்ளை, நமக்கு மஞ்சள். "ஹெல்மெட்டோட பேசுனா ஹெல்மெட்டுதான் பேசும், நீ பேசமாட்ட" என்பான். அது உண்மைதான். வெறுந்தலையோடு, வியர்வையில் ஒட்டிய முடியோடு, கையில் டீயோடு நிற்கும்போது யார் பெரியவன் என்றே தெரியாது. பாதிச் சண்டை யார்டைக் கடந்து கேட்டுக்கு நடந்து வருவதற்குள்ளேயே தேய்ந்துபோகும்.

இனி என் கதை. அதைச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது.

விநாயகம் மேனேஜராக வந்த நாளிலிருந்தே எனக்கும் அவருக்கும் ஆகவில்லை. மீஞ்சூர்க்காரர். வேலை தெரிந்தவர், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். கையைத் தூக்கிச் சொடக்குப் போடுவார். "ஏய் ஸ்டேக்கர்" என்பார். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். இஞ்சின் இரைச்சலில் எங்கே கேட்கும் என்பீர்கள். கேட்காது, ஆனால் விரல் அசைவது தெரியும், அது போதும். நானும் சும்மா இருக்கவில்லை. வண்டி ரேடியோவில் அவர் கேட்டால் பதில் சொல்லாமல் கண்ணாடி வழியாக முறைப்பேன். இதற்கு முன்னால் மணலியிலும் துறைமுகத்திலும் இப்படித்தான் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். "இந்த வேலையயும் வுட்டுட்டு வந்தீன்னா நா உன்னோட சண்ட போடமாட்டேன். பேசவே மாட்டேன்" என்று என் மனைவி சொல்லியிருந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். மெதுவாகச் சொன்னாள்.

கப்பலுக்குப் பெட்டிகளை அனுப்பும் அவசரத்தில் ஒரு மதியம் எல்லாருமே பறந்துகொண்டிருந்தோம். நான் அடுக்கிய வரிசையை மாற்றச் சொல்லி ரேடியோவில் வந்த செய்தி எனக்கு வந்து சேரவில்லை. விநாயகம் வண்டிக்குக் கீழே வந்து நின்று சொடக்குப் போட்டார். கண்ணாடியைத் திறந்தேன். "ஒரு தடவ சொன்னா புரியாதா உனக்கு?" என்றார். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். அந்தக் கொதிப்பிலும் ஷம்சு சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. ஹெல்மெட்டோடு பேசக்கூடாது என்பது மண்டையில் ஏறியிருந்தது, கேட்டுக்கு வெளியே என்பது ஏறவில்லை. அடுக்கின பெட்டிகளுக்கு நடுவில், யார்டுக்குள்ளேயே, ஹெல்மெட்டைக் கழற்றி அவர் காலடியில் வைத்துவிட்டு, இப்போ பேசுங்க சார் என்றேன். நான் சமாதானமாகப் பேசக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் கைகலப்புக்குக் கூப்பிடுவதாகப் பட்டது. அந்தப் பக்கம் வந்த பாதுகாப்பு அதிகாரிக்கோ, பெட்டிகள் அடுக்கிய இடத்தில் ஒருவன் வெறுந்தலையோடு நிற்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. நம் யார்டில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஷம்சு எர்ணாவூரில் என் வீட்டுக்கு வந்தான். எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்தோம். நான் ராஜினாமா செய்யப்போகிறேன், அதற்கு முன்னால் அந்த ஆளை நாலு பேர் நடுவில் நாறடிக்கப்போகிறேன் என்று கத்தினேன். கத்தி முடித்ததும் ஷம்சு, என் மனைவி கொண்டுவந்த டீயை எடுத்துக்கொண்டு, அந்தாள் செய்ததில் எது உனக்குத் தாங்கவில்லை என்று கேட்டான். எல்லாம்தான் என்றேன். எல்லாம் வேண்டாம், ஒன்று சொல் என்றான். சொடக்கு என்றேன்.

"உனுக்கு மொத மொதல்ல சொடக்குப் போட்டது யாரு மாமு?" என்றான்.

என் அப்பா சீக்கிரம் போய்விட்டார். பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலைக்குப் போன அண்ணன்தான் எங்களை வளர்த்தான். கட்டிலில் படுத்துக்கொண்டு சொடக்குப் போடுவான். ஒரு சொடக்குக்குத் தண்ணீர், இன்னொன்றுக்குத் துண்டு. கொஞ்சம் தாமதமானால் "ஒரு தடவ சொன்னா புரியாதா" என்பான். அவன் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்ததால் ஒருநாளும் அவனை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. இதை எல்லாம் நான் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அன்றைக்கு மாடிப்படியில் சொன்னேன். சொல்லிவிட்டு ஷம்சுவையே திட்டினேன், நீ பெரிய டாக்டரா, நோண்டி நோண்டிக் கேட்கிறாய் என்று.

"எனுக்கு என் சரக்கு எதுன்னு தெரியும், அதான் கேட்டேன்" என்றான். அவன் அத்தாமேல் இருந்த கோபத்தைத்தான் அத்தனை வருடம் லாரிக்காரர்கள்மேல் காட்டிக்கொண்டிருந்தானாம். பிறகு சொன்னான்: "விநாயகம் சொடக்குப் போடறது தப்புதான். அத்த அவுருகிட்ட கேளு, வுடாத. ஆனா உங்கண்ணனுக்குப் போவ வேண்டிய சரக்க அவுரு வாசல்ல எறக்கிக்கினு கீறியே, அது நாயமில்ல மாமு."

கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிட விளக்கமாக யாரும் சொல்ல முடியாது. விலாசம் மாறிய பெட்டியை இறக்கிவிட்டால் என்ன கூத்து நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் விட்டுவிட்டு வந்த ஒவ்வொரு வேலையையும் யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஓர் அண்ணன் இருந்திருக்கிறான். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். மனத்தில் இருந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

விசாரணை அன்று எனக்குத் துணையாக உடன் வேலை செய்பவர் ஒருவர் வரலாம் என்றார்கள். ஷம்சு வந்தான். உள்ளே போவதற்கு முன் என்னையும் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனான். நான் உளூ கிளு எல்லாம் அறியாதவன், முகத்தை மட்டும் கழுவினேன். கண்ணை மூடியபோது அண்ணனின் கட்டில்தான் தெரிந்தது. திறந்தபோது ஆபீஸ் கதவு தெரிந்தது. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே விநாயகமும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். யார்டுக்குள் ஹெல்மெட்டைக் கழற்றியது தப்பு, என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை. அதற்கு மேல் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "சார், என்ன பேர் சொல்லிக் கூப்புடுங்க. சொடக்குப் போடாதீங்க."

விநாயகம் திகைத்துப்போனார். "நான் எங்கய்யா சொடக்குப் போடறேன்?" என்றார். நடிப்பில்லை. அவருக்கு மெய்யாகவே தெரிந்திருக்கவில்லை. அத்தனை வருடமும் அவர் விரல் செய்வதை அவர் பார்த்ததில்லை. ஷம்சுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போடறீங்க சார். இப்பக்கூட கை அப்டித்தான் கீது" என்றான். அவர் தன் வலக்கையைப் பார்த்தார். கட்டைவிரலும் நடுவிரலும் சொடக்குக்குத் தயாராக ஒட்டிக்கொண்டிருந்தன. வந்திருந்த அதிகாரி சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீர் குடித்தார். விநாயகம் கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்.

ஷம்சு அதோடு நிறுத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பேசும் வழக்கத்தை ஆரம்பித்தவன் தான்தான், ஏழுமலை அதைப் பாதியாகப் புரிந்துகொண்டுவிட்டான், எழுதுவதானால் தன் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றான். அவனுக்கு அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவனுக்கும் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். அதிகாரி அந்த வழக்கத்தைப் பற்றி விசாரித்தார், அவன் விளக்கினான். கடைசியில் எனக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். கூடவே ஒரு தண்டனை. கொஞ்ச காலம் கேட்டில் நின்று உள்ளே வருகிற டிரைவர்களை எல்லாம் ஹெல்மெட் மாட்டச் சொல்ல வேண்டும். என் கதை தெரிந்த டிரைவர்கள், இன்னா நைனா, நீயே சொல்றியா என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். வேலை போகவில்லை. என் மனைவி அன்றைக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள், வாய் ஓயாமல் பேசினாள்.

பிறகு ஒருநாள் விநாயகம் தானாகவே டீக்கடைக்கு வந்தார். வெள்ளை ஹெல்மெட் இல்லாமல் பார்த்தால் நடு மண்டையில் வழுக்கை, யாரோ வழிப்போக்கர் மாதிரி இருந்தார். நான் சொடக்கை விடப் பார்க்கிறேன், நீ ரேடியோவில் பதில் சொல்லாமல் முறைப்பதை விடு என்றார். நியாயம்தான். அன்றே நாங்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. ரொம்ப நாள் அவர் கை பழக்கத்தில் மேலே போகும், பாதியில் நினைவு வந்து டாட்டா காட்டுவதுபோல் ஆட்டிவிட்டு, "ஏழுமலை" என்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன். போகப்போகப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஷம்சுவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்றேன் அல்லவா, அது பஸ்ஸில் நடந்தது. என் மகளுக்கு வேலை கிடைத்த வாரம். நீ அன்றைக்கு வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால் நான் எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருப்பேன், அவள் படிப்பு நின்றிருக்கும், நீதான் காப்பாற்றினாய் என்று கண்கலங்கச் சொன்னேன். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "செரி செரி, சொம்மா பேஜாரு பண்ணாத. அந்த ஜன்னல் சீட்ட வுடு, நா குந்திக்கிறேன்" என்றான். விட்டேன். கடற்காற்றில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான்.

அடக்கத்துக்கு யார்டே வந்திருந்தது. உடலைச் சுமக்கும் ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க லாரிக்காரர்கள் முண்டியடித்தார்கள். எத்தனை பேர் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று பிடி மண் போட்டுவிட்டு நானும் விநாயகமும் வெளியே வந்து ஒரு கடையில் டீ சொன்னோம். அவர் கண் சிவந்திருந்தது. டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த விசாரணைக்கு முந்தின நாள் அவன் எங்கிட்டயும் வந்தான்" என்றார்.

எனக்குத் தெரியாது. மீஞ்சூருக்கு ரயிலேறிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். சொடக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கு மெய்யாகவே யார்மேல் கோபம் என்று மட்டும் கேட்டானாம். அவர் முதலில் வெளியே போ என்றாராம். போகாமல் வாசலில் நின்றானாம். விநாயகத்தின் ஒரே மகன் சொல்பேச்சுக் கேட்காமல் வீட்டைவிட்டுப் போயிருந்த சமயம் அது. கீழே வேலை செய்கிற எவன் பதில் சொல்லாமல் முறைத்தாலும் அவருக்கு அந்தப் பையன் முகம்தான் தெரியுமாம். "உன்னத்தான் திட்டினேன், ஆனா உன்ன திட்டல" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடப்பாவி, இரண்டு பக்கமும் போய்ப் பேசியிருக்கிறானே, என் வீட்டுக் கதையையும் இவரிடம் கொட்டியிருப்பானே என்று. "என் அண்ணனப் பத்தியும் சொல்லியிருப்பானே சார்" என்றேன்.

"உனக்கு அண்ணன் இருக்காரா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. டீக்கடையில், அத்தனை பேர் நடுவில், கூச்சமில்லாமல் அழுதேன். இத்தனை வருடம் எங்கள் இருவர் நடுவிலும் நின்றவன், அவர் கதையை என்னிடம் சொல்லவில்லை, என் கதையை அவரிடம் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. அழுது முடித்துவிட்டு, பெரம்பூர் வீட்டையும் அண்ணனையும் பற்றி விநாயகத்திடம் நானே சொன்னேன். அவர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். இன்னொரு டீ சொன்னோம்.

ஷம்சு எனக்கு விட்டுவிட்டுப் போனது என்ன என்று கேட்டால் விநாயகத்தைத்தான் காட்டுவேன். நாளைக் காலை அவர் முகத்தில் விழித்துத்தான் நான் வேலையைத் தொடங்க வேண்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.